அண்ணி நத்தை

மூடுபனி என்ன, சொல்லிக்கொண்டா வருகிறது? யாங்னிம் குனிந்து மட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது எதிரே இருந்த தீவைக் காணவில்லை. சரி, இன்னும் நாலு எடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று மறுபடி குனிந்தாள். அந்த நாலு மட்டி எடுப்பதற்குள் கரையும் போயிற்று, தலைக்கு மேலிருந்த சூரியனும் போயிற்று. முட்டிக்கு அடியில் கிடந்த சேற்றுப் பலகையின் முனைகூடப் பாதிதான் தெரிந்தது.

இருபத்தெட்டு வருடமாகக் கல்முரிச் சேற்றில் ஒரு முட்டியைப் பலகையில் ஊன்றி, மறுகாலால் உந்தி உந்திப் பிழைக்கிறவள் அவள். ஆனாலும் பயந்தாள். காலை பத்தரை மணி, வாங்கிப் போன கடல் திரும்பி ஏறத் தொடங்கும் நேரம். எனக்குப் பயமே கிடையாது என்று இந்த ஊரில் எவளாவது பீற்றிக்கொண்டால் அவள் சேற்றில் இறங்காதவள் என்று தெரிந்துகொள்ளலாம்.

பலகை போட்ட தடத்தைப் பிடித்துக்கொண்டே திரும்பலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். பதினைந்து பெண்கள் தினமும் போய்வருகிற சேறு. போன வாரத்துத் தடமும் இன்றைய தடமும் சிக்கெடுக்காத தலைமுடி மாதிரிக் கிடக்கும். கல்முரிக்காரிகள் தடத்தை நம்ப மாட்டார்கள். நத்தையைத்தான் நம்புவார்கள்.

யாங்னிம் சேற்றைத் தடவி ஒரு நத்தையை எடுத்தாள். சுண்டுவிரல் அளவுக்குக் கூம்பாகச் சுருண்டிருந்தது. வாயோரம் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தாள். விளிம்பு மெல்லியதாக இருந்தது, ஓடு முழுக்கக் குறுமணி குறுமணியாகச் சொரசொரப்பு. நாத்தி நத்தை. இதுவே உதடு தடித்து, ஓடு வழுவழுவென்று இருந்தால் அது அண்ணி நத்தை. அண்ணி கரையோரத்துக்காரி, நாணலை ஒட்டியே கிடப்பாள். நாத்தி கடல் பக்கத்துக்காரி. இருவரும் தின்பது ஒரே சேற்றில் படிகிற ஒரே பாசியைத்தான். ஆனால் ஒருத்தி இருக்கும் இடத்தில் இன்னொருத்தி இருக்க மாட்டாள். பெயர் வைத்த புண்ணியவதி நாலு வீட்டு அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வைத்திருக்க வேண்டும்.

ஆகவே பனியில் மாட்டினால் கொஞ்ச தூரம் போய்த் தடவிப் பார்க்க வேண்டும். நாத்தி குறைந்து ஒன்றிரண்டு அண்ணி தட்டுப்பட்டால் திசை சரி. அண்ணி கூடிக்கொண்டே வந்தால் கரை வந்துவிட்டது. கல்முரியில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

"குட்சுன்! அடியே குட்சுன்! எங்கடி இருக்க?"

"இங்கதான் அண்ணி! ஓடைப் பக்கம்!" குரல் எங்கோ பஞ்சுக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

குட்சுன் அவள் கணவனின் கடைசித் தங்கை. நாலு பெண்ணுக்குப் பிறகு ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்த கோபத்தில், இதோடு முடிந்தது என்ற அர்த்தத்தில் அப்பன் வைத்த பெயர். மோக்போ நகரத்தில் வாழ்க்கைப்பட்டு, புருஷனைப் பறிகொடுத்து, மூன்று குளிர்காலத்துக்கு முன் ஒரே ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். அண்ணன் மாதத்தில் இருபது நாள் மீன்பிடிப் படகில் கிடப்பான். வீட்டில் இரண்டு பெண்கள், ஒரு அடுப்படி, ஒரு கிம்ச்சி ஊறுகாய் ஜாடி. அந்த ஜாடியில் உப்பிட்ட இறால் கூடிப்போயிற்று என்றுதான் அன்று காலையில் பேச்சு தொடங்கியது. பேச்சு தடித்து, யாங்னிம் வாயிலிருந்து வரக்கூடாதது வந்துவிட்டது.

"இந்த வீட்டுல ரெண்டு பொம்பளைக்கு எடமில்லடி. நாத்தி நத்தை மாதிரி நீயும் கடல் பக்கமாவே போய்த் தொலை!"

குட்சுன் கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். சேற்றில் இறங்கியதும் நேராகக் கடைசி மட்டித் திடலுக்கு, சேற்றை அறுத்துக்கொண்டு கடல் உள்ளே வரும் ஓடையின் கரைக்கே, பலகையை உந்திக்கொண்டு போய்விட்டாள். மற்றப் பெண்கள் கரைப் பக்கமாக இருந்தார்கள்.

"நீங்க போங்க அண்ணி! உங்களுக்கு முட்டி வலி. நான் நத்தையப் பிடிச்சே வந்துடுவேன்!"

"போறேன்டி! எனக்கு வழி சொல்ல வந்துட்டா மகராசி!"

கோபம் இன்னும் ஆறவில்லை. பலகையைத் திருப்பி உந்தினாள். கொஞ்ச தூரத்தில் நிறுத்தித் தடவினாள், நாத்தி. இன்னும் கொஞ்சம் போய்த் தடவினாள், நாத்தி, நாத்தி. பிறகு விரலுக்குத் தடித்த உதடு ஒன்று தட்டுப்பட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். அந்த மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் ஆறு வாளி நத்தை ஞாபகம் வந்து அவளை அப்படியே உறைய வைத்தது.

போன வருடம் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரர் வந்திருந்தார். ஊரில் நத்தை வாத்தியார் என்றே பெயர். ஓடைக்கரையில் வலைக்கூண்டுகள் அடித்து, சிலவற்றில் நாத்தியை மட்டும், சிலவற்றில் அண்ணியை மட்டும், சிலவற்றில் இரண்டையும் கலந்து விட்டு, மாதாமாதம் அளந்து எழுதிக்கொண்டு போனார். வாளி சுமக்க யாங்னிமை வைத்துக்கொண்டார்.

"ரெண்டும் கடிச்சுக்குமா வாத்தியாரே?" என்று ஒருநாள் கேட்டாள்.

"சண்டையே கெடையாதும்மா. பக்கத்துல பக்கத்துல ஒக்காந்து சாப்பிடும். ஒருத்தி வேகமா சாப்பிட்டுருவா. இன்னொருத்தி எளைச்சுக்கிட்டே போவா. அவ்வளவுதான்."

"அட, இதுக்கா இம்புட்டு வலை? எங்க வீட்டுக்கு வந்திருந்தா அடுப்படியிலயே ஒக்காந்து எழுதிட்டுப் போயிருக்கலாமே!"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நவம்பரில் வேலை முடிந்து கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொன்னார். கூண்டிலிருந்த அண்ணிகளை எல்லாம் நாணலுக்கே கொண்டுபோய் விட்டுவிட வேண்டும், இடம் மாற்றி விடக்கூடாது.

ஆறு வாளி. வாடைக்காற்று காதை அறுத்தது. முட்டியோ கழன்று விழுந்துவிடும் போல இருந்தது. யாங்னிம் இப்படியும் அப்படியும் பார்த்தாள். யாருமில்லை. ஆறு வாளியையும் ஓடையின் விளிம்பிலேயே வரிசையாகக் கவிழ்த்துவிட்டு வந்துவிட்டாள். "விட்டாச்சா அண்ணி?" என்று குட்சுன் கேட்டதற்கு, "ஆச்சு ஆச்சு, நாணல்ல கொண்டுபோய் விட்டாச்சு" என்றாள். வாத்தியார் நகரத்திலிருந்து போன் செய்தபோதும் அதையேதான் சொன்னாள்.

இப்போது அந்த ஓடைக்கரையில் குட்சுன் சேற்றைத் தடவிக்கொண்டிருக்கிறாள். சுற்றிலும் நாத்திதான் இருக்கும். எந்தப் பக்கம் அண்ணி தட்டுப்படுகிறதோ அந்தப் பக்கம் திரும்புவாள். அண்ணி கூடிக்கொண்டே வரும். கரை வந்துவிட்டது என்று சந்தோஷமாகப் பலகையை உந்துவாள். அடுத்த உந்தில் ஓடை. கடல் ஏறும்போது முதலில் நிறைவது அதுதான். இரண்டு ஆள் ஆழம்.

"குட்சுன்! நத்தையப் பாக்காதடி! குட்சுன்!"

பதில் இல்லை. தொண்டை கிழியக் கத்தினாள். பனி அவள் சத்தத்தை அவள் முகத்துக்கு முன்னாலேயே விழுங்கியது. பலகையைத் திருப்பி ஓடைப் பக்கம் உந்தினாள். இருபது உந்து. நாத்தி. மறுபடி இருபது. நாத்தி. எங்கோ தண்ணீர் களக் களக் என்று ஏறும் சத்தம் கேட்டது. இடப்பக்கம் என்று நினைத்தாள். இல்லை, வலப்பக்கம். ஒரு உளுவை மீன் சேற்றில் துள்ளி விழுந்ததற்கு அவளுக்கு உயிரே போய்விட்டது. தானும் அந்த வாளி நத்தைகளையே தடவி, தானும் ஓடையில் விழப் போகிறோம் என்று தோன்றியது. குட்சுனுக்காக அல்ல, தனக்காகப் பயந்தாள். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. பலகையைத் திருப்பிக்கொண்டு கரையை நோக்கி வந்துவிட்டாள்.

வரும் வழியெல்லாம் மனம் ஒரு கணக்குப் போட்டது. நாத்திக் கூட்டத்தில் அண்ணி தாங்காது, வசந்தத்துக்குள் முக்கால்வாசி இளைத்துச் செத்துவிடும் என்று வாத்தியாரே சொல்லியிருக்கிறார். குளிர்காலமும் கடுமையாகத்தான் இருந்தது. செத்திருந்தால் குட்சுன் சுகமாக வந்துசேர்வாள். யாருக்கும் எதுவும் தெரியவே வேண்டாம். ஆனால் முக்கால்வாசி செத்தாலும் ஒன்றரை வாளி மிச்சம் இருக்குமே? ஒரு மனுஷியைக் கொல்ல ஒன்றரை வாளி போதாதா?

நாணலை எட்டியபோது ஊர் ஒலிபெருக்கி பாட ஆரம்பித்திருந்தது. ஊர்த் தலைவர் மா தூசிக் எதை அறிவிப்பதற்கு முன்னாலும் ஒரு காதல் பாட்டைப் போட்டுவிடுவார். பிணம் விழுந்த சேதி என்றாலும் பாட்டு முந்தி வரும். மூன்று கம்பங்களில் மூன்று குழாய்கள், எதிரே மலை. அந்தப் பாட்டு எல்லாத் திசையிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது. அதைக் கேட்டுக் கரை எந்தப் பக்கம் என்று ஒருவருக்கும் தெரியாது. பாட்டு நின்று குரல் வந்தது. "பனி எறங்கிருச்சு. சேத்துல இருக்கறவங்க எல்லாரும் சட்டுனு கரைக்கு வாங்க. எல்லாரும் கரைக்கு வாங்க."

திசை தெரியாது, சரி. ஆனால் பேச்சு புரிகிறது. யாங்னிம் பலகையைப் போட்டது போட்டபடி ஓடினாள்.

அணைக்கரையில் மற்றப் பெண்கள் தலை எண்ணிக்கொண்டிருந்தார்கள். "ஹோசொப் அம்மா! உங்க நாத்தி எங்க?" என்று யாரோ கேட்டார்கள். ஊரில் அவளை மகன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவள் நிற்கவில்லை. சேறு சொட்டச் சொட்டத் தலைவர் வீட்டு அறைக்குள் புகுந்து மைக்கைப் பிடித்தாள்.

"ஏய், ஏய், ஹோசொப் அம்மா! சேத்தக் கழுவிட்டு..."

பொத்தானை அழுத்தினாள்.  இந்தக் குழாய் ஊருக்கெல்லாம் கேட்கும். அடுத்த ஊருக்கும் கேட்கும். கல்முரியில் திருடியவளைக்கூட மன்னித்துவிடுவார்கள், நத்தையை இடம் மாற்றி வைத்தவளை மன்னிப்பார்களா?

"குட்சுன்... சீக்கிரம் வந்துடுடி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பொத்தானை விட்டாள்.

"அட, அதுக்கா இந்த ஓட்டம்?" தலைவர் அவள் தோளைத் தட்டினார். "நம்ம ஊர்ல பொறந்தவம்மா அவ. நத்தையத் தடவிக்கிட்டே ஜம்முனு வந்துருவா பாரு. நத்தை எங்கயாச்சும் பொய் சொல்லுமா?"

அந்த ஆறுதலைத் தாங்க அவளால் முடியவில்லை. மறுபடி பொத்தானை அழுத்தினாள்.

"குட்சுன், கேக்குதா? நான்தான், அண்ணி. அப்படியே நில்லு. நத்தைய நம்பாத. ஓடைக்கரையில அண்ணி நத்தை கெடக்கு. நான்தான் கொட்டுனேன். வாத்தியார் நாணல்ல விடச் சொன்ன ஆறு வாளியையும் நான்தான் அங்க கவுத்துட்டு வந்தேன். சோம்பேறித்தனம். உங்கிட்டயும் பொய் சொன்னேன், ஊருக்கும் பொய் சொன்னேன். அண்ணி கையில பட்டா அது கரை இல்லடி, ஓடை! மொதல்ல வர்ற அண்ணிய நம்பாதடி! திரும்பு. வந்த வழியே திரும்பு. நாத்தி பட்டுக்கிட்டே இருக்கணும், ரொம்ப தூரத்துக்கு. அதுக்கப்புறம் வர்றாளே ரெண்டாவது அண்ணி, அவதான் நெசம். கேக்குதாடி? அண்ணிய நம்பாத! குட்சுன், அண்ணிய நம்பாத!"

குரல் மலையில் மோதித் திரும்பி வந்தது. நம்பாத, நம்பாத என்று ஊர் முழுக்கக் கேட்டது. தலைவர் மெதுவாக அவள் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார். அவர் முகத்தில் அதுவரை அவள் பார்க்காத ஒன்று இருந்தது.

"படகு எடுக்கலாமா தலைவரே?"

"படகு சேத்துல ஒக்காந்திருக்கு. அது மெதக்கணும்னா தண்ணி வரணும்." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

அவள் அணைக்கரைக்குத் திரும்பி வந்து நின்றாள். பெண்கள் இடம் விட்டு ஒதுங்கினார்கள். ஒருத்தி காறித் துப்பினாள். "எம் பொண்ணு போன மாசம் அங்கதான் மட்டி எடுக்கப் போனா" என்று இன்னொருத்தி யாரிடமோ சொன்னாள். யாங்னிமுக்கு எதுவும் உறைக்கவில்லை. தலைவர் அவள் சொன்னதையே திரும்பத் திரும்பக் குழாயில் சொல்லிக்கொண்டிருந்தார், பாட்டில்லாமல். தண்ணீர் வரும் சத்தம் இப்போது நன்றாகக் கேட்டது. நாணலுக்கு அப்பால் தண்ணீர் மட்டம் பார்க்க நட்டிருந்த குச்சியின் அடி நனைந்தது. கொஞ்ச நேரத்தில் அதில் பாதி மறைந்தது. முட்டி வலிக்கிறது என்று உட்கார்ந்தால் குட்சுன் செத்துவிடுவாள் என்று ஏதோ ஒரு பைத்தியக்கார எண்ணம். அதனால் நின்றுகொண்டே இருந்தாள். கிம்ச்சியில் இறால் கூடினால் கூடட்டும், ஜாடி முழுக்க இறாலாகவே இருக்கட்டும் என்று உதடு தானாக முணுமுணுத்தது. குச்சி முழுவதும் மறைந்தது.

அப்போது பலகை தண்ணீரில் சளப் சளப் என்று அடிக்கும் சத்தம் கேட்டது.

பனிக்குள்ளிருந்து முதலில் பலகை வந்தது. அதன் மேல் குப்புறக் கிடந்தபடி குட்சுன் வந்தாள். கழுத்து வரை நனைந்திருந்தாள். கூடையும் இல்லை, ஒரு காலில் பூட்ஸும் இல்லை. பெண்கள் இறங்கிப்போய்த் தூக்கிக்கொண்டு வந்தார்கள். யாரோ போர்வை போட்டார்கள். யாங்னிம் கிட்டே போனாள், ஆனால் தொடத் தைரியம் வரவில்லை.

"கேட்டுச்சாடி? நான் சொன்னது கேட்டுச்சா?"

குட்சுனின் பற்கள் தந்தியடித்தன.

"கேட்டுச்சு. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சு."

"அப்புறம் எப்படி இவ்வளவு நனைஞ்ச?"

"நான் நம்பல அண்ணி." குட்சுன் அவளை நேராகப் பார்த்தாள். "காலைல வீட்டுல எடமில்ல, போய்த் தொலைன்னு சொன்னவங்க, இப்ப கரைக்கு வந்தவளத் திரும்பிப் போகச் சொல்றாங்க. கையில கொழுகொழுன்னு அண்ணி நத்தை. அண்ணிய நம்பாதன்னு அண்ணியே சொன்னா நான் எதத்தான் நம்புறது? என்னக் கொல்லத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன். நேரா முன்னாடியே உந்துனேன். பத்து உந்து. பதினோராவது உந்துக்குக் கீழ சேறு இல்ல."

 குழாயில் தலைவர் இன்னும், ரெண்டாவது அண்ணிதான் நெசம், ரெண்டாவது அண்ணிதான் நெசம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருத்தி ஓடிப்போய் நிறுத்தச் சொன்னாள்.

"பலகை கையில இருந்ததால பொழைச்சேன். ஓடையில இருந்து ஏறுனதுக்கு அப்புறந்தான் நீங்க சொன்ன மீதியும் நெசமா இருக்கும்னு தோணுச்சு. திரும்புனேன்."

யாங்னிம் அழுதாள். ஊர் பார்க்க, மூக்கு ஒழுக, கூச்சமில்லாமல் அழுதாள். குட்சுன் கொஞ்ச நேரம் அழ விட்டாள். பிறகு போர்வைக்குள்ளிருந்து, அதுவரை இறுக்கி மூடியே இருந்த வலது கையை நீட்டி விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். உள்ளங்கையில் ஒரு நத்தை இருந்தது. யாங்னிம் அதை வாங்கி, பழக்க தோஷம், வாயோரம் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தாள். உதடு தடித்திருந்தது. தொட்டதும் உள்ளே இழுத்துக்கொண்டது. செத்திருக்கவில்லை.

"கொண்டுபோய் நாணல்ல விட்டுட்டு வாங்க அண்ணி" என்றாள் குட்சுன். "நான் இங்கயே நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

யாங்னிம் அந்த ஒரு நத்தையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஊரே பார்த்துக்கொண்டிருக்க, நாணல் பக்கம் இறங்கிப் போனாள்.